பிதுக்கினாலும் வராத வெள்ளைப் புள்ளி: மிலியாவா, வேறு ஏதாவதா?

கண்ணாடி முன்னால் நின்று, கண்ணுக்குக் கீழே இருக்கும் வெள்ளைப் புள்ளியை நகத்தால் கிள்ளிக்கொண்டே இதைப் படிக்கிறீர்கள் என்றால் முதலில் கையை எடுங்கள். நானும் அப்படி நின்றவன்தான். பரு என்று நினைத்துப் பிதுக்கினேன், வரவில்லை. மறுநாள் ஊக்கால் குத்தினேன், ரத்தம் வந்தது, புள்ளி மட்டும் அப்படியே இருந்தது, குத்திய இடம் கறுத்துப்போய்ப் பல மாதம் கூடவே வந்தது. கடைசியில் தோல் மருத்துவரிடம் போனபோது அதே புள்ளியை எடுக்க அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் மருத்துவன் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டதையும் அதற்கப்புறம் தேடிப் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

மிலியா என்பது தோலின் மேலடுக்குக்குள் மாட்டிக்கொண்ட கெரட்டின் உருண்டை. நகமும் முடியும் எதனால் ஆனதோ அதே புரதம்தான். தோல் தினமும் பழைய செல்களை மேலே தள்ளி உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. ஏதோ ஓரிடத்தில் அந்தக் கழிவு உதிர முடியாமல் உள்ளேயே சுருண்டுவிட்டால், அதைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உருவாகி, 1 அல்லது 2 மில்லிமீட்டரில் கெட்டியான வெள்ளை மணியாக நின்றுவிடுகிறது. லத்தீனில் மிலியம் என்றால் ஒரு சிறுதானியம், பெயர் அங்கிருந்து வந்தது. வேர்க்குருவின் மருத்துவப் பெயரான மிலியேரியாவும் அதே வேரில் பிறந்ததுதான், ஆனால் அது வியர்வைக் குழாய் அடைப்பு, முழுக்க வேறு விஷயம். தேடும்போது இரண்டும் கலந்து வரும், குழம்ப வேண்டாம்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மிலியாவுக்கு வாசல் கிடையாது. பிதுக்கினால் ஏன் வருவதில்லை, பரு மருந்து ஏன் கேட்பதில்லை, கிரீம் ஏன் இவ்வளவு மெதுவாக வேலை செய்கிறது என்று கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இதுதான்.

பிதுக்கிப் பார்த்தேன், எதுவும் வரவில்லை

அப்படியென்றால் மிலியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். பரு என்பது மயிர்க்காலில் எண்ணெயும் இறந்த செல்களும் அடைத்துக்கொள்வது. அதற்கு மேல்பக்கம் ஒரு துளை இருக்கிறது, மூடியிருந்தாலும் இருக்கிறது. வைட்ஹெட் என்று சொல்கிறோமே, அதுவும் மூடிய துளைதான். அதை அழுத்தினால் மெத்தென்று கொடுக்கும், சில நாளில் சிவந்து பெரிய பருவாகவும் மாறலாம். மிலியா அப்படி மாறாது. பக்கத்துத் தோலை இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள்: மணி இன்னும் வெளுப்பாக, ஓரம் தெளிவாக, தோலுக்கு அடியில் மணல் துகள் வைத்த மாதிரி தெரியும். விரலால் தடவினால் கெட்டியாக இருக்கும். வலி இல்லை, அரிப்பு இல்லை, சுற்றிலும் சிவப்பு இல்லை. போன மாதம் எடுத்த போட்டோவிலும் அதே இடத்தில் அதே அளவில் உட்கார்ந்திருக்கும். பெரியவர்களுக்கு வழக்கமான இடம் கண் இமையும் கண்ணைச் சுற்றியுள்ள பகுதியும், அப்புறம் கன்னமும் நெற்றியும்.

வாசல் இல்லாததை அழுத்தினால் உள்ளே இருப்பது வெளியே வராது, சுற்றியுள்ள தோல்தான் நசுங்கும். நிறம் கூடிய தோலில் இப்படிச் சின்னதாகக் காயம் பட்டாலே அந்த இடம் கறுத்துவிடும், அந்தக் கறுப்பு மங்க மாதக்கணக்கில் ஆகும். புள்ளியை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், தழும்பை எல்லோரும் கேட்பார்கள். என் அனுபவம்.

பரு கிரீம் ஒரு மாதம் போட்டேன், அசையவே இல்லை

எந்தக் கிரீம் என்று பாருங்கள். பென்சாயில் பெராக்சைடு என்றால் அது பருவில் இருக்கும் கிருமியைக் கொல்லும் மருந்து. மிலியாவில் கொல்வதற்குக் கிருமியே இல்லை. கிளிண்டமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் ஜெல்லுக்கும் இதே கதைதான். பற்பசை, எலுமிச்சைச் சாறு வகையறாவைப் பற்றி நிறைய வீடியோக்கள் சுற்றுகின்றன; பற்பசை தோலை எரிய வைக்கும், எலுமிச்சைச் சாற்றோடு வெயிலில் போனால் தோல் வெந்து கொப்புளிக்கவும் கூடும். உறைக்குள் இருக்கும் மணிக்கு இரண்டாலும் ஒன்றும் ஆகாது. ஆவி பிடிப்பதும் அப்படித்தான், முகம் கொஞ்சம் மென்மையாகும், வாசல் திறக்காது. சொரசொரப்பான ஸ்க்ரப் போட்டுத் தேய்ப்பது இதில் மிக மோசம், ஏனென்றால் தோலில் ஏற்படும் காயமே புது மிலியாவுக்குக் காரணமாகலாம். அது பின்னால் வருகிறது.

வெள்ளையாகத்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி இல்லை

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள், ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டு கண்ணுக்குக் கீழும் ஒரே மாதிரி, தோல் நிறத்திலோ லேசான மஞ்சளிலோ, தட்டையான சின்னச் சின்ன மேடுகள் கூட்டமாக இருந்தால் அது சிரிங்கோமாவாக இருக்கலாம். வியர்வைக் குழாய் செல்களிலிருந்து வரும் ஆபத்தில்லாத வளர்ச்சி, பெண்களுக்கு அதிகம், பெரும்பாலும் பருவ வயதில் தொடங்கும். மிலியா என்று நினைத்துப் பலரும் வருடக்கணக்கில் கிரீம் போடுவது இதற்குத்தான். இதற்குள் மணி எதுவும் இல்லை, எனவே குத்தினாலும் எடுக்க ஒன்றும் இருக்காது. வேண்டுமென்றால் லேசரிலோ மின்சூட்டிலோ குறைக்கலாம், திரும்ப வரவும் வரும். பளீரென்று வெள்ளையாகத் தெரியவில்லை என்பதுதான் இதைப் பிரித்துக் காட்டும் முதல் அடையாளம்.

கண்ணின் உள்மூலையில், மூக்கை ஒட்டி, மஞ்சளாகத் தட்டையான திட்டு என்றால் அது சாந்தெலாஸ்மா, தோலுக்கு அடியில் கொழுப்பு படிவது. இதை அழகுப் பிரச்சினை என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். இது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தக் கொழுப்பு சரியாகவே இருக்கும், மீதிப் பேருக்கு இருக்காது. எந்தப் பாதியில் இருக்கிறோம் என்று ஒரு கொலஸ்ட்ரால் பரிசோதனை சொல்லிவிடும்.

நடுவயதில், நெற்றியிலோ கன்னத்திலோ, மஞ்சள் மேடு, நடுவில் ஒரு குழி என்றால் எண்ணெய்ச் சுரப்பி பெருத்திருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும். ஆனால் குழந்தைக்கு, முத்து மாதிரி பளபளப்பாக, நடுவில் தொப்புள் போலக் குழியோடு, ஒன்று நான்காகி நான்கு பத்தாகிறது என்றால் அது மொலஸ்கம் என்ற வைரஸ் தொற்று. தொட்டாலும் ஒரே துண்டைப் பயன்படுத்தினாலும் பரவும். மிலியா யாருக்கும் ஒட்டாது, ஒரு மணியிலிருந்து இன்னொன்று முளைக்கவும் முளைக்காது.

உதட்டு ஓரத்தில் கூட்டமாக இருக்கும் வெளிர்மஞ்சள் புள்ளிகள் ஃபோர்டைஸ் புள்ளிகள், இயல்பாக எல்லோருக்கும் இருக்கக்கூடிய எண்ணெய்ச் சுரப்பிகள். மேல்கையில் சொரசொரவென்று வரிசையாக இருந்தால் அதுவும் கெரட்டின் விவகாரம்தான், ஆனால் அது மயிர்க்கால் வாயில் அடைத்துக்கொள்வது, மிலியா இல்லை.

பிறந்த குழந்தையின் மூக்கில் வெள்ளைப் பொடி

ஒன்றும் செய்யாதீர்கள். பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிக்கு மூக்கிலும் கன்னத்திலும் தாடையிலும் இது இருக்கும், சில வாரங்களில், அதிகம் போனால் சில மாதங்களில் தானாகவே உதிர்ந்துவிடும். தேய்த்துக் குளிப்பாட்டி எடுக்கப் பார்க்கும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் ஒருவராவது இருப்பார்கள், அவர்களை அன்பாகத் தடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. எண்ணெய், கிரீம், பவுடர் எதுவும் தேவையில்லை, வெதுவெதுப்பான தண்ணீரே போதும்.

வாய்க்குள் மேலண்ணத்தின் நடுக்கோட்டில் வெள்ளை மணிகள் தெரிந்தாலும் பயம் வேண்டாம். எப்ஸ்டீன் முத்துகள் என்று பெயர், இதே கெரட்டின்தான், பெரும்பாலான குழந்தைகளுக்கு இருக்கும், தானே போய்விடும். புள்ளியைச் சுற்றிச் சிவந்திருந்தாலோ, சீழ் மாதிரியோ தண்ணீர்க் கொப்புளம் மாதிரியோ தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்திருந்தாலோ அது மிலியா கணக்கில் வராது, உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

புண் ஆறிய இடத்தில் வெள்ளை மணிகள் முளைக்கின்றன

தீக்காயம், கொப்புளம், ஆழமான உராய்வு, லேசர், பச்சை குத்தியது, இப்படி எதற்குப் பிறகும் வரலாம். தோல் ஆறும்போது மயிர்க்காலோ வியர்வைக் குழாயோ பாதியில் அறுந்து மேலே மூடிக்கொள்கிறது, உள்ளே கெரட்டின் சேர்ந்துகொண்டே போகிறது, போக வழியில்லை. புண் ஆறியதன் பக்கவிளைவு அவ்வளவுதான், பலருக்குத் தானாகவே குறையும். புண் முழுக்க ஆறும்வரை மேலே எந்த ஆசிட் கிரீமும் போட வேண்டாம்.

வலுவான ஸ்டீராய்டு கிரீமை முகத்தில் மாதக்கணக்கில் பூசி வந்தவர்களுக்கும் வருவதுண்டு. நிறம் வெளுக்கும் என்று யாரோ சொல்லிக் கொடுத்த கிரீம் உங்கள் கையில் இருந்தால், அதில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற பெயர்கள் இருக்கிறதா என்று டியூபைத் திருப்பிப் பாருங்கள். இருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரிய ஆரம்பிக்கலாம், மருத்துவரிடம் காட்டி நிறுத்துவது நல்லது.

அடி எதுவும் படாமலே, வெயில் படும் புறங்கையில் அடிக்கடி கொப்புளம் வந்து, தோல் சுலபமாகக் கிழிந்து, ஆறிய இடத்தில் மிலியா மிஞ்சுகிறது என்றால், அதைத் தோல் பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது. கல்லீரலோடு சம்பந்தப்பட்ட போர்ஃபிரியா என்ற கோளாறு இப்படித் தலைகாட்டும். ரத்தமும் சிறுநீரும் சோதிக்கச் சொல்வார்கள்.

புதுக் கிரீம் ஆரம்பித்ததிலிருந்து வருகிறது

கண்ணைச் சுற்றித் தடிப்பான, எண்ணெய்ப்பசையுள்ள கிரீமை இரவில் அப்பிக்கொண்டு தூங்குபவர்கள் இதைச் சொல்கிறார்கள். எல்லோருக்கும் கிரீம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஒன்றுமே பூசாதவர்களுக்கும் மிலியா வருகிறது. ஆனால் சோதித்துப் பார்ப்பது சுலபம்: அந்த ஒரு பொருளை மட்டும் இரண்டு மூன்று மாதம் நிறுத்துங்கள், மற்றது எதையும் மாற்றாதீர்கள். புதிதாக வருவது நின்றதா என்று மட்டும் பாருங்கள். ஏற்கெனவே இருப்பது போகிறதா என்று பார்க்காதீர்கள், கிரீமை நிறுத்தியதால் உள்ளே உருண்டுவிட்டது உடனே கரையாது. அதைப் பார்த்துத்தான் பலரும் பத்து நாளில் கைவிடுகிறார்கள்.

பல மாதமாகப் போகவில்லை, ஏதாவது போட வேண்டும்

பெரியவர்களுக்குத் தானாகப் போகும், ஆனால் காத்திருக்கப் பொறுமை வேண்டும், சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கும். வலிக்காததை, பரவாததை, கெடுதல் செய்யாததை அப்படியே விட்டுவிடுவதும் முறையான சிகிச்சைதான்.

போட்டே ஆக வேண்டும் என்றால் நியாயமான தேர்வு ரெட்டினாய்டு வகை: அடாபலீன் 0.1% ஜெல் அல்லது ட்ரெட்டினாயின். இவை உறையை உடைப்பதில்லை. தோல் செல்கள் புதுப்பிக்கும் வேகத்தைக் கூட்டி, மேலே மூடியிருக்கும் அடுக்கை மெல்ல மெல்லச் சன்னமாக்குகின்றன, அதனால் மணி மேலே ஏறி ஒரு நாள் தானே கழன்று விழ வாய்ப்பு கிடைக்கிறது. தோல் ஒரு சுற்று புதுப்பிக்கவே சுமார் ஒரு மாதம் பிடிக்கும், எனவே இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் பலனைத் தேட வேண்டாம். பட்டாணி அளவுதான் முழு முகத்துக்கும், இரவில், முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். கண் இமையிலும் கண்ணை ஒட்டிய தோலிலும் போடக் கூடாது. ஆமாம், பெரும்பாலோருக்கு மிலியா இருப்பதே அங்கேதான், எரிச்சலாகத்தான் இருக்கிறது. அந்த இடத்துக்கு மருந்து தேடாமல் மருத்துவர் கைக்குப் போவதே என் யோசனை.

கர்ப்பமாக இருந்தாலோ அதற்கு முயன்றுகொண்டிருந்தாலோ ரெட்டினாய்டு எதுவும் வேண்டாம், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ரெட்டினால் சீரமும் சேர்த்துத்தான்.

சாலிசிலிக், கிளைகோலிக் ஆசிட் உள்ள திரவங்கள் மேல்தோலை மென்மையாக்கும், கன்னத்திலும் நெற்றியிலும் கொஞ்சம் உதவலாம். ரெட்டினாய்டோடு அதே இரவில் சேர்த்துப் போட்டால் தோல் உரிந்துவிடும்.

கிரீம் போட்ட இடம் எரிகிறது, உரிகிறது

ஆரம்ப வாரங்களில் கொஞ்சம் வறட்சி சகஜம். தொட்டாலே எரிகிறது, சிவந்து வீங்குகிறது என்றால் ஒரு வாரம் முழுக்க நிறுத்திவிட்டு, வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் மட்டும் போடுங்கள். திரும்பத் தொடங்கும்போது முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் மருந்து, வாரம் இரண்டு இரவு மட்டும். பகலில் சன்ஸ்க்ரீன் இல்லாமல் ரெட்டினாய்டு போடுவது பாதி வேலைதான். எரிச்சல் அடங்கின பிறகும் அந்த இடம் வெயிலில் சீக்கிரம் கறுக்கும்.

எடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மருத்துவர் விளக்கை அருகே இழுத்து, பெரிதாகக் காட்டும் கண்ணாடி வழியாகப் பார்த்தார். இடத்தைத் துடைத்துவிட்டு, கிருமி நீக்கிய ஊசியின் முனையால் மணியின் மேல் ஒரு சின்ன வாசல் திறந்தார், அவ்வளவுதான் சூட்சுமம். பிறகு வளையம் போன்ற ஒரு கருவியால் பக்கத்தில் மெல்ல அழுத்தினார். முழு உருண்டையாக, கல் உப்புத் துணுக்கு மாதிரி ஒன்று வெளியே வந்தது. மரத்துப்போக எதுவும் தடவவில்லை, எறும்பு கடித்த அளவுதான் வலி. நிறைய இருந்தால் மரத்துப்போகும் கிரீம் தடவிக் கொஞ்ச நேரம் உட்கார வைப்பார்கள்.

அவர் செய்ததும் ஊசி, நான் செய்ததும் ஊசிதானே என்று தோன்றும். நான் ஊக்கை மணிக்கு நேராக ஆழமாக இறக்கினேன், அவர் மேலே இருந்த மெல்லிய தோலை மட்டும் ஓரமாகக் கீறினார். அதோடு என் ஊக்கு கிருமி நீக்கியது இல்லை, கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும், கை நடுங்கும், பக்கத்தில் கண் இருக்கிறது. வீட்டில் செய்ய வேண்டாம் என்று எல்லோரும் சொல்வதற்கு இவ்வளவு காரணம் இருக்கிறது.

மின்சூடு, லேசர், திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது என்று வேறு வழிகளும் உண்டு. உறைய வைப்பது நிறம் கூடிய தோலில் வெள்ளைத் திட்டை விட்டுப்போகலாம், அதைச் சொன்னால் ஊசியே போதுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இமை விளிம்பில், இமைமுடிக்குப் பக்கத்தில் இருந்தால் கண் மருத்துவரிடம் போவதும் சரியே.

எடுத்த பிறகு சின்னதாகப் பொருக்கு கட்டும், சில நாளில் தானே விழும். பிய்க்காதீர்கள். பெட்ரோலியம் ஜெல்லி ஒரு துளி, பகலில் சன்ஸ்க்ரீன், வேறு எதுவும் வேண்டாம்.

எடுத்த பிறகு திரும்ப வந்துவிட்டது

அதே இடத்திலா, பக்கத்திலா என்று பாருங்கள். அதே இடத்தில் என்றால் உறையில் கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கலாம், இன்னொரு முறை எடுத்தால் போதும். பக்கத்தில் புதிதாக என்றால் உங்கள் தோலின் சுபாவம் அது, மேலே சொன்ன ரெட்டினாய்டுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. எனக்கு வருடத்துக்கு ஒன்று இரண்டு வருகிறது. இப்போதெல்லாம் கையை வைப்பதில்லை, நாலைந்து சேர்ந்தால் ஒரே தடவையில் போய் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு மூன்று வாரத்திலேயே திடீரென்று நிறைய, அல்லது தடித்த திட்டின் மேல் கூட்டமாக

அபூர்வம்தான், ஆனாலும் உண்டு. காதுக்குப் பின்னால் சிவந்து தடித்த திட்டு, அதன் மேல் மணிமணியாக மிலியா என்றால் அது தனி வகை, நடுவயதுப் பெண்களுக்குச் சற்று அதிகமாக வருகிறது. ஒவ்வொன்றாக எடுத்து மாளாது. ரெட்டினாய்டும், சில சமயம் மினோசைக்ளின் மாத்திரையும் கொடுப்பார்கள். சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்கவும் சொல்லலாம்.

ஒன்று மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது

மிலியா ஓரளவுக்கு மேல் பெரிதாகாது. ஒற்றையாக, முத்து மாதிரி மினுமினுப்பாக, மேலே நூல் போல ரத்தக் குழாய்கள் தெரிய, தானாகவே ரத்தம் கசிந்து பொருக்கு கட்டி, ஆறி, மறுபடியும் கசிகிறது என்றால் அது தோல் புற்றுநோயின் ஒரு வகையாக இருக்கலாம். மெதுவாக வளரும் வகை, சீக்கிரம் கண்டுபிடித்தால் வெட்டி எடுத்து முடித்துவிடலாம். மேலே எழுதிய காத்திருப்புக் கணக்கு எதுவும் இதற்குப் பொருந்தாது, இதே வாரம் காட்டுங்கள். போகும்போது பழைய போட்டோ ஏதாவது போனில் இருந்தால் தேடி வைத்துக்கொள்ளுங்கள், எப்போதிலிருந்து இருக்கிறது, எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.